காலைப் பசிக்குக் கனியமுது

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே திருமுறைகளின் சிறப்பைப் பற்றியும் நாவலர் பெருமானின் தொண்டைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். பழத்தைக் கரைத்துக் குடிப்பது எப்படி என்று சொல்வதற்கும் ஒருவன் மேடையேற வேண்டுமா என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் புன்னகை செய்வதைக் காண்கின்றேன். அவருடைய புன்னகை நியாயமானதே. ஆயினும் நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன்னர் நமது சங்கத்தார் கோயில் வீதியையும் கேணியையும் துப்புரவு செய்யச் சிரமதானம் ஒன்றை நடத்தினர். காலை ஆறரை மணிக்கு வேலை தொடங்கியது. எட்டரை ஆவதற்குள் இளைஞர் ஒருவர் கையிற் பிடித்த மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கி மடத்துத் திண்ணையிற் கிடத்தினோம். முகத்தில் நீர் தெளித்தோம். சிறிது நேரத்தில் கண் திறந்தார். இனிப்புத் தேநீரும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்த பின் எழுந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன்:

"தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"ஒண்டுமில்லை, ஐயா. பிளேன்ரீ மட்டும்."

"ஏன், வீட்டிலே சமைக்கவில்லையோ?"

"அம்மாவுக்கு மூண்டு நாளாய்க் காய்ச்சல், ஐயா. அடுப்பு மூட்டேல்லை."

"அப்ப அம்மா என்ன சாப்பிட்டவ?"

அவர் மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் அவரை வீட்டிற் கொண்டுபோய் விட்டேன். படலையைத் திறந்து உள்ளே போனதும் என் கண்ணிற் பட்டது ஒரு பப்பாசி மரம். அதிலே மூன்று பழங்கள் மஞ்சள் பூத்து நின்றன. ஒன்றைக் காகம் கொத்திக்கொண்டிருந்தது. அதன் கீழே இன்னொன்று விழுந்து உடைந்து கிடந்தது. உள்ளே தாயார் பாயிற் படுத்திருந்தார், வாய் உலர்ந்திருந்தது. அந்த வீட்டிலே உணவில்லாமல் இல்லை. முற்றத்தில் உணவு நின்றது. அதனைப் பறித்து, இரண்டு தம்ளரில் ஆக்கி, ஒன்றைத் தாய்க்குக் கொடுத்து, ஒன்றைத் தானும் குடித்துப் புறப்பட வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. படித்த பிள்ளை, கணிதத்தில் கெட்டிக்காரன். இந்த ஒன்றை மட்டும் நாம் எவரும் அவனுக்குக் கற்பித்ததில்லை.

அவருடைய அனுமதியைப் பெற்றே இதனைச் சொல்கின்றேன். குற்றம் அவரிடத்தில் இல்லை. நம்மிடத்தில் இருக்கின்றது.

காலையில் உண்ணாமல் வெளிக்கிடும் இளைஞர் அவர் ஒருவரல்லர். ஆறு மணிக்கு ரியூசன், ஏழரைக்குப் பாடசாலை, எட்டுக்கு அலுவலகம் என்று ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு கோப்பை வெறுந் தேநீர், இரண்டு பிஸ்கட். அதுவுமில்லையேல் பத்து மணிக்குக் கடையில் ஒரு பணிஸ். "காலையில் ஒன்றும் உண்ணாமல் இருப்பது விரதந்தானே" என்று ஓர் இளைஞர் என்னோடு வாதாடினார். விரதம் வேறு, பட்டினி வேறு. விரதம் மனம் வைத்து மேற்கொள்வது. அதற்குத் தொடக்கம் உண்டு, பாறணை உண்டு, நினைக்கும் பொருளொன்று உண்டு. நேரம் போதாமையாலும் சோம்பலாலும் வயிற்றைக் காயப்போடுவது விரதமாகாது. கந்தசஷ்டியில் ஆறு நாள் நோற்கும் பெரியோர் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

இனி, இச்சபைக்கு ஏற்ற ஒரு சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். நமது கோயில்களிலே பெரியபுராணத்துக்குப் பயன் சொல்லும் வழக்கம் இருந்து வருகின்றது. அதிலே காரைக்காலம்மையார் சரித்திரத்தை அறியாதவர் இங்கே இல்லை. பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். புனிதவதியார் அவற்றை வாங்கி வைக்கிறார். அவ்வேளையில் சிவனடியார் ஒருவர் பசியோடு வருகிறார். வீட்டிலே சோறு ஆகியிருந்தது. கறி இன்னும் ஆகவில்லை. அம்மையார் என்ன செய்தார்? "சற்றுப் பொறுங்கள், கறி ஆகட்டும்" என்று சொன்னாரா? இல்லை. இருந்த மாங்கனிகளில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு படைத்து அடியாரின் பசியைத் தீர்த்தார்.

அதன்பின் நிகழ்ந்த அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுகின்றோம். அற்புதத்துக்கு முன்னர் நிகழ்ந்ததையும் சற்றே எண்ணிப் பாருங்கள். பசித்தவன் வாசலில் நிற்கின்றான்; சமையல் முடியவில்லை; கையிலே ஒரு கனி இருக்கின்றது. அந்தக் கனியே போதும் என்று கண்ட கருணையும் சமயோசிதமும் அம்மையாருடையவை. காரைக்காலிலே இன்றும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கின்றது. கறி ஆகாத வேளையில் கனி உதவும் என்பதை அந்த வீட்டிலிருந்தே நாம் கற்றிருக்க வேண்டும்.

பழத்தைப் பாலுடனோ தயிருடனோ அரைத்துக் குடிக்கும் வழக்கத்தை மேல்நாட்டார் ஸ்மூதி என்று அழைக்கிறார்கள். நான் அதனைப் பழக்கூழ் என்று சொல்லப் போகின்றேன். கூழ் என்றால் நமக்கு விளங்கும்: தண்ணீருமன்று, சோறுமன்று, குடிக்கலாம், பசியும் தீரும். இதனை அரைக்கும் பிளெண்டர் என்னும் இயந்திரத்தின் கதையும் சுவையானதே. போலந்து நாட்டிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பொப்லாவ்ஸ்கி என்பவர் 1922 ஆம் ஆண்டில், அடியிலே சுழலும் கத்தி பொருந்திய பாத்திரம் ஒன்றைச் செய்தார். பால் பானங்களைக் கலக்குவதற்கே அது பயன்பட்டது. பின்னர் வாத்தியக்குழுத் தலைவரான பிரெட் வேரிங் என்பவர் 1937 இல் அவ்வகை இயந்திரத்தை ஊரறியச் செய்தார். பாடகர் கூட்டத்தை நடத்தியவர் சமையலறைக்கு ஒரு கருவி கொடுத்தார்! பால் ஒத்துக்கொள்ளாத ஸ்டீவ் கூனோ என்னும் அமெரிக்கர் தமக்கென்று பழம் அரைத்துக் குடித்துப் பழகி, 1973 இல் கடையொன்று திறந்தார்.

ஆனால் கருவி புதிதேயன்றிக் காரியம் நமக்குப் புதிதன்று. முருகன் சந்நிதியில் வாழைப்பழத்தைச் சர்க்கரையும் தேனும் நெய்யும் சேர்த்துக் கையாற் பிசைந்து பஞ்சாமிர்தம் செய்கின்றோம். விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலிற் கரைத்துக் குடிக்கும் வழக்கம் இலங்கையில் தமிழரிடத்தும் சிங்களவரிடத்தும் உண்டு. புட்டுக்கு மாம்பழமும் வாழைப்பழமும் பிசைந்து உண்ணாத யாழ்ப்பாணத்தவர் உண்டோ? "இது வெள்ளைக்காரன் சாப்பாடு" என்று சொல்லும் பெரியோருக்கு ஒன்று சொல்வேன்: நம் முற்றத்துப் பப்பாசியும் கொய்யாவும், தோட்டத்துக் கச்சானும், அன்னாசியும் எல்லாமே ஆதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். வந்தவற்றை நம்முடையவை ஆக்கிக்கொண்டோம். அவ்வாறே இதனையும் ஆக்கிக்கொள்ளலாம்.

காந்தியடிகள் 1927 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் தங்கினார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், தென்னாபிரிக்காவிலே அவர் அடுப்பு மூட்டாத உணவை உண்டு பார்த்தார். கச்சான், வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஒலிவ் எண்ணெய் ஆகியவையே அவ்வுணவு. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பழம் மட்டுமன்று, பழத்தோடு கச்சானும் எண்ணெயும் இருக்கின்றன. பின்னாளில் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பாலையும் சேர்த்துக்கொண்டார். பழம் நல்லது, ஆனால் பழம் தனியே நின்று ஒரு வேளை உணவாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இங்கேதான் நான் சொல்லவந்த முக்கியமான விடயம் இருக்கின்றது. பழக்கூழ் வேறு, சர்பத் வேறு. பழத்தைப் பிழிந்து, சக்கையை வீசி, சாற்றுக்கு மூன்று கரண்டி சீனியும் ஐஸும் போட்டால் அது சர்பத். நாக்குக்கு இனிக்கும், ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். அதனைக் காலை உணவென்று நம்பினால் ஏமாந்துபோவோம். பழக்கூழ் உணவாக வேண்டுமானால் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது விதி: வடிக்கலாகாது. பழத்தின் நார்ப்பொருள் அதன் சதையிலே இருக்கின்றது. மலச்சிக்கலைத் தடுப்பதும், இனிப்பு இரத்தத்தில் விரைந்து ஏறாமற் பார்ப்பதும், வயிற்றில் நிற்பதும் அதுவே. சக்கையை வீசுகிறவன் நெல்லை வீசி உமியை வைத்துக்கொள்கிறவனைப் போன்றவன்.

இரண்டாவது விதி: சீனி சேர்க்கலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, வளர்ந்தவர் ஒருவர் உணவிற் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி அளவிற்குள் இருப்பது மிக நல்லது. மூன்று வேளைத் தேநீருக்கு இரண்டிரண்டு கரண்டி போட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடுகின்றது. தேனும் சர்க்கரையும் பனங்கட்டியும் இந்தக் கணக்கிற்கு வெளியே நிற்கவில்லை. பெயர் நல்லதென்பதால் அளவு கூடலாகாது. கடைகளில் விற்கும் பழப்பானப் பெட்டிகளைப் பாருங்கள். இனிப்புப் பானங்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறை 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் வந்தது. பழத்தின் படம் பெரிதாகவும் அந்த நிறப்புள்ளி சிறிதாகவும் இருக்கும். நீங்கள் புள்ளியைப் பாருங்கள்.

மூன்றாவது விதி: ஊன்றுகோல் ஒன்று வேண்டும். பழத்தோடு புரதமோ கொழுப்போ உள்ள ஒரு பொருள் சேர வேண்டும். தயிர், பால், கச்சான், எள்ளு, தேங்காய்ப்பால், ஊறவைத்த அவல், ஓட்ஸ் ஆகிய இவற்றில் ஒன்றோ இரண்டோ. நமது வீடுகளில் இவற்றில் எதுவுமே இல்லாத வீடு அரிது.

இனிச் செய்முறைக்கு வருகின்றேன். தம்பிமாரே, தங்கைமாரே, வேண்டுமானாற் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒருவருக்குரிய அளவு.

முதலாவது, வாழைப்பழக் கூழ். நன்றாகப் பழுத்த கப்பல் வாழைப்பழம் ஒன்று. கப்பல் இல்லையேல் இதரை அல்லது கதலி. சிறு கிண்ணம் தயிர், ஏறக்குறைய 100 கிராம். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு பெரிய கரண்டி. கொதித்தாறிய நீர் அரைத் தம்ளர். முதலிற் கச்சானைத் தனியே பொடித்துக்கொண்டு, பின் மற்றவற்றைச் சேர்த்து அரை நிமிடம் அரைத்தாற் போதும். தயிரும் கச்சானும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தம்ளர் பாலில் உள்ள அளவு புரதத்தைத் தருகின்றன. ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் மணமும் வரும்.

இரண்டாவது, பப்பாசிக் கூழ். மரத்திலே பழுத்த பப்பாசியில் ஒரு கீற்று, தோலும் விதையும் நீக்கியது. தயிர் சிறு கிண்ணம். அரைத் தேசிக்காயின் புளி. உப்பு ஒரு சிட்டிகை. இதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பப்பாசியிலும் அன்னாசியிலும் புரதத்தை உடைக்கும் சத்து இருக்கின்றது. பால், தயிர் இவற்றோடு கலந்து வைத்திருந்தாற் கைத்துப்போகும். ஆகவே இவற்றைக் கலந்தவுடனே குடிக்க வேண்டும். இரவே செய்து வைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது, மாம்பழ அவற்கூழ். இது மாம்பழக் காலத்துக்குரியது. கறுத்தக்கொழும்பான் கிடைத்தாற் பாக்கியம்; கிடையாவிட்டால் அம்பலவியோ வெள்ளைக்கொழும்பானோ போதும். நடுத்தரமான பழத்தில் அரைவாசிச் சதை. ஒரு பிடி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்தது. முதற் தேங்காய்ப்பால் கால் தம்ளர். நீர் அளவுக்கு. மாம்பழம் தானே இனிப்பானதால் சீனியை நினைக்கவும் வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஏற்றது.

நான்காவது, விளாம்பழக் கூழ். பழத்தை உடைத்துச் சதையைத் தோண்டி, வெந்நீரிற் கையாற் கரைத்து, தேங்காய்ப்பாலும் விரல்நுனி அளவு பனங்கட்டியும் சேர்ப்பது. விளாம்பழத்தில் விதையும் நரம்பும் அதிகமாதலால் இது ஒன்றை மட்டும் கண் பெரிய வடியாற் பரும்படியாக வடிக்கலாம். விதிக்கு ஒரு விலக்கு.

மலைநாட்டிலே உறவினர் உள்ளவர்கள் ஆனைக்கொய்யாவை அறிவார்கள். அதிலே நல்ல கொழுப்பு உண்டு. பாதிப் பழமும் ஒரு தம்ளர் பாலும் போதும். நம் கொய்யாப்பழத்தை மட்டும் நான் அரைக்கச் சொல்லமாட்டேன். விதை பல்லிற் சிக்கும். அதைக் கழுவிக் கடித்துத் தின்பதே அழகு. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்கும் தோடம்பழத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றமின் சீ கொய்யாப்பழத்தில் இருக்கின்றது. அது வேலியோரத்தில் அணில் தின்ன விழுந்து கிடக்கின்றது.

"எங்கள் வீட்டில் பிளெண்டர் இல்லையே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்கின்றார். நல்ல கேள்வி. 2022 ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். பால்மா கடைகளில் இல்லை. மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை சென்றது. அந்நாட்களில் பிளெண்டர் இருந்தவரும் இல்லாதவரும் ஒன்றாகவே இருந்தோம். வாழைப்பழம், பப்பாசி, மாம்பழம் ஆகிய மூன்றும் மெத்தென்ற பழங்கள். சட்டியிலே போட்டு மத்தால் மசித்துத் தயிரை ஊற்றிக் கடைந்தால் இரண்டு நிமிடத்திற் கூழாகிவிடும். மத்தும் இல்லையேற் கழுவிய கை இருக்கின்றது. பஞ்சாமிர்தம் எந்த இயந்திரத்திற் செய்கின்றோம்? கச்சானை மட்டும் முதல் நாளே உரலில் இடித்துப் போத்தலில் வைத்துக்கொண்டால் ஒரு கிழமைக்குக் கவலையில்லை.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகின்றேன். முதல் நாள் இரவு பழம் எது என்று பார்த்து வையுங்கள், தயிர் உறையிடுங்கள். காலையிற் பழத்தைக் கழுவி வெட்ட மூன்று நிமிடம், கடைய இரண்டு நிமிடம், குடிக்க ஐந்து நிமிடம், பாத்திரம் கழுவ மூன்று நிமிடம். கடைசியிற் சொன்ன மூன்று நிமிடத்தை மறக்கவேண்டாம். தான் குடித்த பாத்திரத்தைத் தாய்க்கு விட்டுவிட்டு ஓடுகிறவன் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச உரிமையற்றவன். பிளெண்டர் கழுவும்போது முதலில் மின்தொடர்பைக் கழற்றிவிட்டு, கத்தியின் கீழுள்ள இறப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவ வேண்டும். அதனுள் தங்கும் பழம் புளித்துக் கிருமிக்கு இடமாகும்.

குடிக்க ஐந்து நிமிடம் என்றேன். அதிலும் காரணம் உண்டு. மென்று தின்னும் பழம் மெதுவாகப் போகும். குடிக்கும் பழம் விரைந்து போகும். வயிறு அறியுமுன் மூன்று பழத்தை உள்ளே தள்ளிவிடலாம். பிரித்தானியாவின் சுகாதாரத் துறையினரும், பழச்சாறும் பழக்கூழும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிலீற்றருக்கு மேற்பட வேண்டாம் என்று சொல்கின்றனர். ஆகையால் ஒருவருக்குப் பழம் ஒரு கையளவு, 100 கிராம் அளவுக்குள் நிற்கட்டும். மிகுதித் தம்ளரைத் தயிரும் நீரும் நிரப்பட்டும். கரண்டியால் எடுத்து உண்ணும் பதத்திற் செய்தால் இன்னும் நன்று.

இப்போது பெரியோர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை. சலரோகம் என்று ஊரிற் சொல்லும் நீரிழிவு உள்ளவர்கள், "பழந்தானே" என்று எண்ணித் தம்ளர் தம்ளராகக் குடிக்கலாகாது. அரைத்த பழத்தை முழுப்பழத்தைவிட விரைந்து குடித்துவிடலாம். அவர்கள் ஒரு சிறு துண்டுப் பழத்தை மென்று உண்பதே மேல். கூழ் வேண்டுமானால் வைத்தியரைக் கேட்டு அளவறிந்து செய்ய வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் அப்படியே. வாழைப்பழத்தில் உள்ள பொற்றாசியம் நமக்கு நன்மை, அவர்களுக்குத் தீங்காகலாம்.

"பாலும் வாழைப்பழமும் சேரலாகாது, தயிர் சளி பிடிக்கும்" என்று சில பெரியோர் சொல்வதுண்டு. நமது பழைய வைத்திய நூல்களிலே ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகள் என்று ஒரு பகுதி இருப்பது உண்மை. இக்கால உணவு நூலார் சுகதேகிக்கு அதனாற் கெடுதியில்லை என்பர். இதற்காக வீட்டிலே பாட்டனும் பேரனும் சண்டை பிடிக்கவேண்டாம். உங்கள் தேகத்துக்கு ஒவ்வாதென்று கண்டால் தயிரை விட்டுத் தேங்காய்ப்பாலோ கச்சானோ சேருங்கள். குளிரூட்டாமற் குடியுங்கள். பேரன் பெரியவர் சொல்லைத் தள்ளவும் வேண்டாம், பெரியவர் பேரனின் தம்ளரைத் தள்ளவும் வேண்டாம்.

சுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பழத்தை வெட்டுமுன் கழுவுங்கள். வெட்டிய பின் கழுவுவதிற் பயனில்லை. நீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே காயாகவும் இருக்கும்; அதனை வாங்காதீர்கள். நம் மூத்தோர் வாழைக்குலையைக் கிடங்கில் இறக்கிப் புகையூட்டிப் பழுக்கவைத்தார்கள். அந்த முறையை அறிந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். இளைஞர்கள் அவர்களிடம் கேட்டுப் படியுங்கள். இதுவும் ஒரு கல்விதான்.

மீண்டும் அந்தப் பப்பாசி மரத்துக்கு வருகின்றேன். அன்று மத்தியானம் அந்தத் தம்பியும் நானுமாக ஒரு கொக்கைத்தடி எடுத்துப் பழத்தைப் பறித்தோம். அவர்கள் வீட்டிலே தயிர் இல்லை. அயல்வீட்டு அம்மா கேட்டதும் தந்தார். மத்தாற் கடைந்து இரண்டு தம்ளர் ஆக்கினோம். முதலாவது தம்ளரை மகன் தாயாரிடம் கொண்டுபோனார். அவர் எழுந்திருந்து அதை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு, "ஆர் செய்தது?" என்று கேட்டார். "நான்தான் அம்மா" என்றார் மகன். தாயார் வேறொன்றும் பேசவில்லை. வெறுந் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சிறிது நேரம் இருந்தார்.

பெரியோர்களே, ஒரு தம்ளர் பழக்கூழால் உலகம் திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் வைத்தியராலும் மருந்தாலுமே மாறியது. ஆனால் பசித்த ஒருவருக்குப் பத்து நிமிடத்தில் நல்லுணவு கொடுக்கத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிறருக்குப் பாரமாக மாட்டான். நம் வீடுகளில் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் ஊட்டிவிட்டுக் கடைசியிலே தான் உண்பவர் தாய். அவர் படுத்தால் வீடு படுத்துவிடுகின்றது. அப்படி ஆகாமற் பார்ப்பது ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவான கடமை.

ஆகவே நமது சங்கத்துக்கு மூன்று காரியங்களைப் பிரேரிக்கின்றேன். அடுத்த சிரமதானத்தன்று மண்வெட்டி எடுக்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு தம்ளர் பழக்கூழ் சங்கத்தார் கையாலேயே ஆக்கிக் கொடுக்க வேண்டும். பழம் அவரவர் முற்றத்திலிருந்து வரட்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தவரும் ஒரு பப்பாசிக் கன்றோ வாழைக்குட்டியோ நாட்ட வேண்டும். பப்பாசி ஓராண்டு அளவிலேயே காய்க்கத் தொடங்கும். மூன்றாவது காரியம் நாளைக் காலையே செய்யக்கூடியது. நாளைக்கு நீங்கள் செய்யும் முதற் தம்ளரை வீட்டிலே தாய்க்கோ, பாட்டிக்கோ, யார் கடைசியில் உண்பவரோ அவருக்குக் கொடுங்கள். இரண்டாவது தம்ளரை நீங்கள் குடியுங்கள்.

கறி ஆகவில்லை என்று அடியாரை அனுப்பிவிடாத அம்மையாரின் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டில் எவரும் காலையிற் பசியோடு வெளிக்கிடலாகாது என்று கூறி அமர்கின்றேன்.